பழகிய மனிதர்களே! – ஃபஸ்லுர் ரஹ்மான் கான் நினைவுப் பட்டிமன்றத்தில் ஓர் உரை

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, அரை மணி நேரம் எங்களை எஃகாலும் கான்கிரீட்டாலும் அடித்துவிட்டு இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, மார்ச் மாதக் காற்றில் காதை மூடிக்கொண்டு இந்தப் பள்ளி அரங்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் சிகாகோத் தமிழ்ச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இந்த ஊரின் வான்விளிம்பையே மாற்றி எழுதிய பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் நம் நினைவில் நிற்பது அவர் எழுப்பிய கோபுரங்களாலா, அவர் பழகிய மனிதர்களாலா? எதிரணி கோபுரத்தை எடுத்துக்கொண்டது. எங்களுக்கு மனிதர்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டபோது எங்களுக்கு இந்தப் பக்கம் விழுந்தது என்று எதிரணித் தலைவர் பரிதாபமாகச் சிரித்தார். ஐயா, அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு முடியும்போது தேவைப்படும்.

எனக்கு முன் பேசியவர் கானின் சியர்ஸ் கோபுரம் 442 மீட்டர் என்றார். 108 மாடி என்றார். உலகிலேயே உயரமான கட்டடம் என்ற பட்டத்தை ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கையில் வைத்திருந்தது என்றார். அவர் பேசப் பேச எல்லோரும் இந்த அரங்கத்தின் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கழுத்து வலிக்கிறது. உங்களுக்கும் வலிக்கும். அதனால் இனி அடுத்த சில நிமிடங்களுக்குக் கண் மட்டத்திலேயே பார்ப்போம். மனிதர்கள் அந்த உயரத்தில்தான் இருக்கிறார்கள்.

யார் இந்த மனிதர்? 1929 ஏப்ரல் 3 அன்று டாக்காவில், ஒரு கணித ஆசிரியரின் வீட்டில் பிறந்தவர். கல்கத்தாவை அடுத்த ஷிப்பூரில் பொறியியல் படித்தார், பிறகு டாக்காவுக்கே திரும்பிப் பட்டம் வாங்கினார். 1952இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையோடு நம் இல்லினாய் மாநிலத்து அர்பானாவுக்கு வந்தார். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டம், ஒரு முனைவர் பட்டம். இங்கே முனைவர் பட்டத்துக்கு ஆறாவது வருடமாக ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருக்கும் தம்பிகள் இருக்கிறீர்கள். உங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. 1955இல் சிகாகோவில் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். நடுவில் நாடு திரும்பி, கராச்சியில் அரசு வேலை பார்த்தார். அன்றைக்கு டாக்காவும் பாகிஸ்தானில்தான் இருந்தது. அங்கே வரைபலகையைவிடக் கோப்புகள்தான் அதிகம். 1960இல் மறுபடி சிகாகோ. டாக்கா, கல்கத்தா, அர்பானா, கராச்சி, சிகாகோ, கடைசியில் ஜித்தா. நம்மில் பலர் அவரைவிட அதிக விமானம் ஏறியிருப்போம். ஆனால் இறங்கிய ஊரிலெல்லாம் ஆட்களைச் சம்பாதித்தோமா என்று கேட்டால், கைப்பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்ததுதான் நமக்கு நினைவிருக்கும்.

சரி, வழக்குக்கு வருகிறேன்.

கோபுரம் அவரை நினைவில் வைத்திருக்கிறது என்கிறார்கள். நான் கேட்கிறேன்: கோபுரத்துக்குத் தன் பெயராவது நினைவிருக்கிறதா? சியர்ஸ் கோபுரம் என்று கட்டினார்கள். சியர்ஸ் நிறுவனம் காலி செய்துகொண்டு போனது. 2009இல் அது வில்லிஸ் கோபுரம் ஆயிற்று. இதே ஊரில் அவர் கட்டிய நூறு மாடி ஜான் ஹான்காக் சென்டர் இருக்கிறதே, அதற்கு 2018இல் பெயரே போய்விட்டது. இப்போது அதன் அதிகாரப்பூர்வப் பெயர் '875 நார்த் மிச்சிகன் அவென்யூ'. அதாவது வெறும் கதவிலக்கம். ஹூஸ்டனில் அவர் கட்டிய ஒன் ஷெல் பிளாசாவுக்கும் அதே கதி, இன்று அது '910 லூசியானா'. ஐயா எதிரணித் தலைவரே, எந்தக் கட்டடம் அவர் பெயரைக் காப்பாற்றும் என்று வாதாடினீர்களோ, அந்தக் கட்டடம் தன் பெயரையே காப்பாற்றிக்கொள்ளவில்லை. கடன் வாங்கியவன் வீட்டிலேயே அடுப்பெரியவில்லை, நீங்கள் அவனை ஜாமீனுக்குக் கூட்டி வருகிறீர்கள்!

உலகிலேயே உயரம் என்ற பட்டம்? கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் உச்சியில் இருக்கும் கூர்முனையையும் சேர்த்து அளந்து 452 மீட்டர் என்று காட்டிப் பட்டத்தை எடுத்துக்கொண்டது. இங்கே மலேசியாவிலிருந்து வந்த அண்ணன் ஒருவர் முன்வரிசையில் சிரிக்கிறார். அண்ணா, கொண்டையையும் சேர்த்து அளந்தால் என் மனைவிகூட என்னைவிட உயரம்தான்.

இன்னொன்று. மினியாபொலிஸ் நகரில் மெட்ரோடோம் என்ற விளையாட்டரங்கம். கான் பங்கேற்ற கடைசிப் பணிகளில் ஒன்று. அது திறக்கப்பட்டது 1982 ஏப்ரல் 3. அவருடைய 53ஆம் பிறந்தநாள். ஆனால் அவர் இல்லை. ஒரு வாரத்துக்கு முன்னால், மார்ச் 27 அன்று, ஜித்தாவில் மாரடைப்பில் இறந்துவிட்டார். 52 வயது. சரி, கட்டடமாவது நின்றதா? 2010 டிசம்பரில் பனிப் பாரம் தாங்காமல் கூரை கிழிந்து விழுந்தது. புதுக் கூரை போட்டார்கள். 2014இல் முழுவதையும் இடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் வேறொரு அரங்கம், அதன் நெற்றியில் ஒரு வங்கியின் பெயர். கோபுரத்தாலும் கூரையாலும்தான் நினைவு என்றால், அந்த ஊரில் அவர் நினைவு எத்தனை ஆண்டு? முப்பத்திரண்டு.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், என் அன்புத் தங்கை, மிக அழகாக ஒரு கேள்வி கேட்டார். "2009இல் கெய்ரோவில் பேசிய அமெரிக்க அதிபர் ஒபாமாவே இந்தக் கட்டடத்தைக் குறிப்பிட்டார் அல்லவா?" என்றார். குறிப்பிட்டார் அம்மா. அமெரிக்க முஸ்லிம்கள் இந்த நாட்டுக்குச் செய்ததையெல்லாம் அடுக்கும்போது, நம் மிக உயரமான கட்டடத்தைக் கட்டினார்கள் என்றும் சொன்னார். உலகமே கேட்டது. ஆனால் பெயரைச் சொன்னாரா? சொல்லவில்லை. கட்டடம் மேடையேறிவிட்டது, கட்டியவர் வாசலில் நின்றார். எங்கள் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சியை என்னால் தேடியிருக்க முடியாது. தங்கைக்கு நன்றி.

இப்போது எதிரணி எதிர்பார்க்காத இடத்துக்குப் போகிறேன். அவர்கள் கோட்டைக்குள்ளேயே. அந்தக் கோபுரங்கள் எப்படி வந்தன? எஃகு தானாக எழுந்து நின்றதா?

மாடி உயர உயர, கட்டடத்துக்குத் தன் பாரத்தைவிடக் காற்றுதான் பெரிய பகை. பழைய முறையில் தூண்களையும் உத்தரங்களையும் உள்ளேயெல்லாம் நிரப்பி விறைப்பாக்கினார்கள். முப்பது நாற்பது மாடி தாண்டினால் எஃகுச் செலவு கட்டுக்கடங்காமல் போகும். கான் தூண்களை வெளிச்சுவருக்கே கொண்டுபோய் நெருக்கமாக நிறுத்தினார். கட்டடமே ஒரு பெரிய குழாய் ஆயிற்று. மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெற்று, வலு முழுக்கத் தோலில். புயலில் தேக்கு முறியும், மூங்கில் வளைந்துகொடுத்து நிமிரும். 1960களின் நடுவில் 43 மாடி டிவிட்-செஸ்ட்நட் குடியிருப்பில் இந்த முறை முதன்முதலாகக் கட்டடமானது.

ஹான்காக்கின் முகத்தில் பெரிய பெருக்கல் குறிகள் இருக்கின்றனவே, அவை எங்கிருந்து வந்தன? கான் அலுவலக வேலை முடிந்ததும் இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் பாடம் நடத்தினார். அங்கே மிகியோ சசாகி என்ற ஜப்பானிய மாணவர். கட்டடக் கலைஞர் மைரன் கோல்ட்ஸ்மித்தும் கானும் வழிகாட்ட, 1964இல் அந்த மாணவர் எழுதிய ஆய்வில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய அந்த வடிவம் வளர்ந்தது. ஐந்தாண்டுகளில் அது மிச்சிகன் அவென்யூவில் நூறு மாடியாக நின்றது. நம் ஊரில் மாணவன் நல்ல யோசனை சொன்னால் என்ன சொல்வோம்? "பாடத்திட்டத்தில் இல்லை, உட்கார்." இவர் உட்காரச் சொல்லவில்லை. கூடவே உட்கார்ந்தார்.

சியர்ஸ் கோபுரம்? அதற்கு ஒரு கதை சொல்வார்கள். கானுக்குக் கூட்டாளி புரூஸ் கிரகாம் என்ற கட்டடக் கலைஞர், கொலம்பியாவில் பிறந்தவர். இருவரும் மதிய உணவுக்கு உட்கார்ந்திருந்தார்கள். கிரகாம் பெட்டியிலிருந்து சிகரெட்டுகளைக் கொத்தாக உருவி, ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கிப் பிடித்துக்கொண்டு, இப்படிக் கட்டினால் நிற்குமா என்று கேட்டாராம். நிற்கும் என்றாராம் கான். புகைப்பதை நான் ஆதரிக்கவில்லை, அரங்கின் கடைசி வரிசை கைதட்டவேண்டாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். உலகின் மிக உயரமான கட்டடம் வரைபலகையில் பிறந்ததாகக் கதை சொல்லவில்லை. கணினி அறையில் பிறந்ததாகவும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில், இரண்டு நண்பர்களின் பேச்சில் பிறந்தது என்றுதான் சொல்கிறது. ஒருவர் டாக்கா, ஒருவர் கொலம்பியா, மேசை சிகாகோவில். தனியே டிபன் பெட்டியைத் திறந்து சாப்பிட்டிருந்தால் சியர்ஸ் கோபுரம் இல்லை!

சியர்ஸ் கோபுரம் என்பது அந்தச் சிகரெட்டுக் கொத்து மாதிரி ஒன்பது குழாய்களைச் சேர்த்துக் கட்டியது. அந்த ஒன்பதையும் கொஞ்சம் பாருங்கள். எதிரணி அதை எஃகு என்று பார்த்தது. நான் குடும்பமாகப் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் 75 அடி சதுரம். மூன்றுக்கு மூன்றாக ஒன்பதும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. 50ஆம் மாடியில் இரண்டு நின்றுவிடும். 66இல் இன்னும் இரண்டு. 90இல் மூன்று. மிச்சம் இரண்டே இரண்டுதான் உச்சி வரை போகும். நம் வீடுகளிலும் இதுதானே நடந்தது? பெரியண்ணன் பத்தாவதோடு நின்றான், அக்கா பன்னிரண்டோடு நின்றாள், நடுவில் ஒருவன் மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டான், கடைசிப் பையன் சிகாகோ வரை வந்துவிட்டான். வந்தவன் தன் உயரத்தைப் படமெடுத்து ஊருக்கு அனுப்புகிறான். காற்றடிக்கும்போது அவனைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருப்பது கீழே நின்றுவிட்ட ஏழு பேர். இந்த அரங்கில் உச்சிக் குழாய்கள் நிறைய உட்கார்ந்திருக்கிறீர்கள். தலையைக் குனியவேண்டாம், நானும் அதில் ஒருவன்தான்.

எதிரணி ஒரு கணக்குச் சொன்னது. 1931இல் கட்டிய எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குத் தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 206 கிலோ எஃகு ஆனது, கான் ஹான்காக்கைச் சுமார் 145 கிலோவில் முடித்தார் என்று. கணக்குச் சரி. முழு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள் நடுவரே. ஆனால் எஃகு குறைந்தால் கட்டடம் இலேசாகும், காற்றில் அசையும். அசைந்தால் விழாது, அது பொறியாளருக்குத் தெரியும். 80ஆம் மாடியில் குடியிருக்கும் பாட்டிக்குத் தெரியுமா? ஹான்காக்கில் அலுவலகம் மட்டுமில்லை, மேல் மாடிகளில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். 44ஆம் மாடியில் நீச்சல் குளம், மளிகைக் கடை. அங்கே காபிக் கோப்பை ஆடினால் பாட்டி மகளுக்குத் தொலைபேசி எடுத்துவிடுவாள்.

எத்தனை அசைந்தால் மனிதனுக்குத் தெரியும் என்று அன்றைக்கு எந்தப் புத்தகத்திலும் தெளிவான விடை இல்லை. கான் என்ன செய்தார்? சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் சலவை இயந்திரக் காட்சிக்காக ஒரு சுழலும் மேடை இருந்தது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். நிற்க வைத்தார், உட்கார வைத்தார், படுக்க வைத்தார், மேடையை ஓட்டினார். எப்போது தெரிகிறது, எப்போது சங்கடமாகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நூறு மாடிக் கட்டடத்தின் விறைப்பு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதைச் சலவை இயந்திர மேடையில் மல்லாந்து படுத்திருந்த ஒரு மனிதரின் வயிறு தீர்மானித்தது! எஃகைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்டார். இதற்குப் பெயர்தான் பழகுவது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று, அரை நிமிடம். என் தாய்மாமா பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர். தர்மபுரிப் பக்கம் வாய்க்கால், மதகு, சின்னச் சின்னப் பாலங்கள் என்று முப்பது வருடம் வெயிலில் நின்றவர். அவர் காலமாகிப் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு வயதான கொத்தனார் மஞ்சள் பையோடு வந்தார். பையில் ஒரு பித்தளைத் தூக்குக்குண்டு. "ஐயா எனக்கு இரவல் கொடுத்தது. திருப்பிக் கேட்கவே இல்லை. இதைப் பிடித்துத்தான் என் பையன்களுக்கும் தொழில் சொல்லிக்கொடுத்தேன்" என்று அத்தையின் கையில் வைத்தார். அத்தை அதை வாங்கிக்கொள்ளவில்லை, பையன்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மாமா கட்டிய மதகு எந்த ஊரில் இருக்கிறது என்று இன்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சொல்லத் தெரியாது. அந்தத் தூக்குக்குண்டு எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரியும்.

கானுடைய வீட்டுக்கு வருவோம். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பது நம் ஊர்ப் பழமொழி. இவர் இரண்டையும் பார்த்தவர். வீட்டை நூறு மாடிக்குக் கட்டினார். கல்யாணத்தை ஆஸ்திரியாவிலிருந்து குடியேறிய லீசலோட்டேயோடு செய்துகொண்டார். டாக்காவும் ஆஸ்திரியாவும் சிகாகோவில் குடித்தனம் நடத்தின. அந்த வீட்டில் ஒரு மகள் வளர்ந்தார். அப்பா இறந்த பிறகு அவரும் கட்டுமானப் பொறியாளராக விளங்கி, தந்தையின் பணியைப் பற்றி 2004இல் ஒரு முழு நூலே எழுதினார். எதிரணி மேசையில் இருக்கும் குறிப்புகளில் பாதி அங்கிருந்து வந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அதை எழுதியது கோபுரமா? மகள்.

தாகூரின் பாடல்கள் என்றால் அவருக்கு உயிர். வங்காளத்தில் பாடுவார், வங்காளம் தெரியாத நண்பர்களுக்காக உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்வார். பகல் முழுக்கக் காற்றழுத்தக் கணக்கு, மாலையில் பாட்டு. நம்மில் எத்தனை பேர் வீட்டுக்கு வந்த அமெரிக்க நண்பருக்கு நம் பாட்டு ஒன்றின் பொருளைச் சொல்லியிருக்கிறோம்? சாம்பாரின் காரத்துக்கு மன்னிப்புக் கேட்பதோடு சரி.

1971. இந்த ஆண்டை நான் வேகமாகத் தாண்டமாட்டேன். சிகாகோவில் சியர்ஸ் கோபுரம் எழுந்துகொண்டிருக்கிறது. ஒரு பொறியாளரின் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கிடைக்கும் வேலை. அதே ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் டாக்காவில் துப்பாக்கி வெடிக்கிறது. லட்சக்கணக்கில் மக்கள் எல்லை தாண்டி ஓடுகிறார்கள். எதிரணியின் கணக்குப்படி, கோபுரம்தான் தன்னைக் காப்பாற்றும் என்று நம்பிய ஒருவர் என்ன செய்திருக்கவேண்டும்? கதவைச் சாத்திக்கொண்டு 108 மாடியை முடித்திருக்கவேண்டும். கான் சிகாகோவில் இருந்த வங்காளிகளைக் கூட்டினார். நிதி திரட்ட ஓர் அமைப்பு, அமெரிக்க அரசியல்வாதிகளிடம் நியாயம் கேட்க ஓர் அமைப்பு, இரண்டையும் முன்னின்று தொடங்கினார். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று அத்தனை பழக்கத்தையும் ஊருக்காகச் செலவழித்தார். இந்த அரங்கில் 1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த அண்ணன்மார், அக்காமார் இருக்கிறீர்கள். தொலைவில் ஊர் எரியும்போது இங்கே காலையில் எழுந்து வேலைக்குப் போவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வங்கதேசமாகிவிட்ட அவருடைய நாட்டின் அரசு 1999இல், இறந்து பதினேழு ஆண்டுக்குப் பின், அவருக்குத் தன் மிக உயர்ந்த விருதைக் கொடுத்தது. டாக்காவின் வான்விளிம்பை மாற்றியதற்காகவா? அவருடைய புகழ்பெற்ற கோபுரம் ஒன்றுகூட அந்த ஊரில் நிற்கவில்லை.

எதிரணியின் மிக வலுவான வாதத்துக்கு வருகிறேன். அதைத் தொடாமல் உட்கார்ந்தால் நடுவர் என்னை விடமாட்டார். "பழகிய மனிதர்கள் எல்லாம் ஒருநாள் போய்விடுவார்கள். அவர் பாட்டைக் கேட்டவர்கள் போவார்கள். கோபுரம் மட்டும் நிற்கும். ஐம்பது ஆண்டு கழித்து யார் நினைவில் வைத்திருப்பார்கள்?" நியாயமான கேள்வி. ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன்.

இதோ என் பதில். கோபுரம் நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிற்பதும் நினைப்பதும் வேறு வேறு வினைச்சொற்கள். தினமும் வில்லிஸ் கோபுரத்தின் 103ஆம் மாடிக் கண்ணாடிப் பெட்டியில் ஏறி நின்று, கீழே பார்த்துக் கத்தி, படமெடுத்துக்கொண்டு இறங்கும் கூட்டத்தில் பத்துப் பேரை நிறுத்தி, இதைக் கட்டிய பொறியாளர் யார் என்று கேளுங்கள். ஜாக்சன் தெருவும் ஃபிராங்க்ளின் தெருவும் சந்திக்கும் மூலையில், கோபுரத்தின் காலடியிலேயே, 'ஃபஸ்லுர் ஆர். கான் வழி' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். ஏன் மாட்டினார்கள்? அத்தனை உயரக் கோபுரம் பக்கத்திலேயே நின்றும் அதனால் ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை. 1998இல் சில மனிதர்கள் முயன்று ஒரு தகரப் பலகையில் எழுதவேண்டியிருந்தது. 442 மீட்டர் எஃகு செய்யாததை இரண்டடித் தகரம் செய்கிறது!

அவரோடு பழகியவர்கள் போய்விடுவார்கள் என்றீர்களே, எங்கே போனார்கள்? அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் அதே சிகாகோ அலுவலகத்தில், அவர் போய்ப் பல ஆண்டு கழித்து வடிவமைத்ததுதான் துபாயின் புர்ஜ் கலீஃபா. 2010இல் திறந்தது, 828 மீட்டர். அதற்கும் சியர்ஸ் கோபுரத்துக்கும் எஃகு உறவு கிடையாது. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி, அவர் அடுத்தவருக்குச் சொல்லி வந்த உறவு. மாமாவின் தூக்குக்குண்டு மாதிரி.

ஜித்தாவைச் சொல்லாமல் முடிக்கமுடியாது. என்னைக் கேட்டால் அவருடைய மிகச் சிறந்த வேலை சியர்ஸ் கூட இல்லை, அதுதான். ஹஜ் பயணிகளுக்கான விமான முனையம், 1981. எதிரணி இதைப் பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை, கவனித்தீர்களா? காரணம் இருக்கிறது. அது உயரமாக இல்லை. உலகின் அத்தனை மூலைகளிலிருந்தும் ஒரே வாரங்களில் வந்து இறங்கும் கூட்டம். ஒரே நேரத்தில் 80,000 பேர் வரை காத்திருக்கும் இடம். குடும்பம் குடும்பமாக மூட்டை முடிச்சோடு உட்காருவார்கள், படுப்பார்கள், தொழுவார்கள், சாப்பிடுவார்கள். அவர்களுக்குச் சில்லென்ற கண்ணாடிக் கட்டடத்தையும் எண் போட்ட நாற்காலியையும் கொடுத்திருக்கலாம். கானும் அவருடைய கூட்டாளிகளும் பாலைவன மக்கள் காலங்காலமாக அறிந்த கூடாரத்தைக் கொடுத்தார்கள். கண்ணாடி இழைத் துணியில் டெஃப்லான் பூசி, ஒவ்வொன்றும் 45 மீட்டர் சதுரமாக, 210 கூடாரங்கள். பக்கச் சுவர் கிடையாது. சூடான காற்று நடுவிலிருக்கும் திறப்பு வழியே மேலே போய்விடும், கீழே நிழல். அத்தனை உயரம் கட்டத் தெரிந்தவர், அங்கே தரையில் உட்காருகிறவர்களுக்காகக் கட்டினார். கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது அதற்கு 1983இல் வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அவர் உயிர் போனதும் அந்த ஜித்தாவில்தான்.

அவரே சொன்ன ஒரு வாக்கியம் உண்டு. சாட்சிக் கூண்டில் அவரையே ஏற்றுகிறேன் நடுவரே. தொழில்நுட்பம் கற்றவன் தன் தொழில்நுட்பத்துக்குள்ளேயே தொலைந்துபோய்விடக் கூடாது. வாழ்க்கையை ரசிக்கத் தெரியவேண்டும். வாழ்க்கை என்பது கலை, நாடகம், இசை, எல்லாவற்றுக்கும் மேலாக மனிதர்கள். இது கானின் வாக்குமூலம். கோபுரம் என்ற சொல் இதில் எங்காவது வருகிறதா என்று எதிரணி தேடிக்கொண்டிருக்கட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள். தெரிகிறது. பின்னால் புளியோதரை ஆறுவதும் தெரிகிறது. ஒரே ஒரு செய்தி சொல்லி இறங்கிவிடுகிறேன்.

ஜித்தாவில் இறந்தவரைச் சிகாகோவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். வடக்கே, கிளார்க் தெருவில், கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில். போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பேச்சுக்காகவே அங்கே போனேன். எதிரணிக்குச் சாதகமான ஏதாவது இருந்துவிடப்போகிறதே என்ற பயத்தில்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் பெரிய கட்டடக் கலைஞர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். சிகரெட்டுக் கொத்தைக் காட்டி இப்படி நிற்குமா என்று கேட்ட புரூஸ் கிரகாம் நினைவிருக்கிறதா? அவர் 2010இல் இறந்தார். அவரையும் அடக்கம் செய்தது அதே கிரேஸ்லேண்டில்தான். இருபத்தெட்டு ஆண்டு காத்திருந்தவர், வந்தவரிடம் முதல் கேள்வியாக என்ன கேட்டிருப்பார்? அடுத்தது எத்தனை மாடி என்றா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்றா? நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அதை மட்டும் யோசித்துவிட்டு எழுதுங்கள். வணக்கம்.